நாற்பது மீட்டர் பிழை

எவ்வளவு கழுவியும் வாசம் போகவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு, சமையல் சோடா, கடைசியில் வினிகர். உன் அம்மா வறுத்து இடித்து அனுப்பிய கறித்தூளின் வாசம் தகரத்துக்குள்ளேயே ஏறிவிட்டது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, சிட்னியின் பென்டில் ஹில்லில் நாம் இருவரும் இருந்த அதே வீட்டின் சமையலறையில், ஒரு காலி பிஸ்கட் டப்பாவை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீ இருந்தால் கேட்டிருப்பாய்: "என்னடாப்பா, பேணிக்குள்ள தலையை விடப் போறியோ?"

உன் ஊரில் டப்பாவுக்குப் பேணி என்று பெயர். என் சேலத்துக் காதுக்கு அது பழக எத்தனையோ நாளாயிற்று.

அந்தப் பேணியைத் திருப்பி அனுப்பச் சொல்லி உன் அம்மா கேட்டிருக்கிறார். குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் உன் ஊர் அன்ரி அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார். உனக்கு வாராவாரம் சோறு கட்டிக் கொடுத்தவர் இப்போது எனக்கும் கட்டித் தருகிறார். அவரிடம் கொடுத்துவிட வேண்டும். "வெறும் பேணியா குடுக்காதேங்கோ தம்பி. ஏதாவது போட்டுத்தான் குடுக்கோணும்" என்று நேற்றே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்திலும் அந்தப் பழக்கம் உண்டு. பாத்திரம் வந்த வீட்டுக்கு வெறுமையாகத் திரும்பக் கூடாது. சரி. உன் அம்மாவுக்கு இதற்குள் எதைப் போட்டு அனுப்புவது? காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

மூடியில் இருக்கும் படத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். ஓர் ஆங்கில நகரம். மேட்டின் மேல் மூன்று கோபுரங்களோடு ஒரு பேராலயம். பக்கத்தில் கோட்டை. கீழே வளைந்து ஓடும் ஆறு, குறுக்கே ஒரு தடுப்பணை, அதன் ஓரத்தில் பழைய ஆலை, ஒரு கல்பாலம். முன்னால், தண்ணீரை ஒட்டி, சிவப்புக் கதவு வைத்த சின்னக் கல்வீடு. ஊர்ப் பெயர் அச்சடித்திருந்த ஓரத்தைத் துரு தின்றுவிட்டது.

நீ என்னிடம் முதலில் பேசிய சொல்லே எனக்கு விளங்கவில்லை. நான் நிலஅளவைக்காரன், நீ அதே அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். மேற்கே ஒரு புது மனைப்பிரிவில் கருவியை நிறுத்தி நான் ஓடி ஓடி அளந்துகொண்டிருந்தேன். பார்க்க வந்த நீ, கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, "ஆறுதலா செய் மச்சான்" என்றாய்.

"யாருக்கு ஆறுதல்? யாருடா செத்துட்டா?" என்று கேட்டேன்.

நீ குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உங்கள் ஊரில் 'ஆறுதலா' என்றால் மெதுவாக, நிதானமாக, அவசரமில்லாமல் என்று அர்த்தமாம். நல்ல தமிழ்தான் போ என்றேன். அன்றிலிருந்து என் அவசரத்துக்கெல்லாம் உன்னிடம் அந்த ஒரே பதில்தான் இருந்தது. பச்சை விளக்கு விழுந்ததும் ஹார்ன் அடித்தால் ஆறுதலா. சோறு வேகுமுன் தட்டை எடுத்தால் ஆறுதலா.

உன் தங்கச்சியைப் பற்றி நீ சொன்னது ஒரே ஒரு தடவை. சண்டை துரத்தத் துரத்த ஊர் ஊராக நீங்கள் இடம்பெயர்ந்த காலம். ஒவ்வோர் ஊரிலும் அம்மா உங்கள் இருவருக்கும் ஓர் இடத்தைக் காட்டிச் சொல்வாராம்: "துலைஞ்சா இதில வந்து நில்லுங்கோ. நான் வந்து கூட்டிக்கொண்டு போவன்." முதலில் சந்திப் பிள்ளையார் கோயில். பிறகு ஒரு பள்ளிக்கூட வாசல். அதன் பிறகு ஒரு தண்ணீர்த்தாங்கி. காட்டிய இடத்தை எல்லாம் அடுத்த வாரமே விட்டு ஓட வேண்டியிருந்தது. பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் குந்தியிருந்தபோது உன் தங்கச்சி இந்த மூடியைக் காட்டிச் சொன்னாளாம்: "அண்ணா, இந்த இடம் மட்டும் இடம்பெயராது. துலைஞ்சா இதில வந்து நிப்பம். சிவப்புக் கதவு தெரியிற மாதிரி."

அவளுக்கு அப்போது எட்டு வயது. கடைசிச் சண்டையில், ஒரு கூட்ட நெரிசலில், அம்மாவின் கையிலிருந்து அவள் கை விடுபட்டது. அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. இருந்தவர்களிலும் இல்லை, இறந்தவர்களிலும் இல்லை. அவள் முகம் உள்ள படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்தப் பேணி மிஞ்சியது.

நீ சொல்லி முடித்ததும் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அது பெயிண்டிங்டா மச்சி. போட்டோ இல்ல" என்றேன். "தெரியும்" என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுபடி அது தொடங்கியது ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்த நாளில். டாக்டர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டால் நல்ல சேதி இல்லை. உன் நோய்க்கு இனி மருந்து வேலை செய்யாது, எங்காவது போக வேண்டுமென்றால் தள்ளிப்போட வேண்டாம் என்றார். ஊருக்குத்தான் போவாய், அம்மாவிடம்தான் போவாய் என்று நினைத்தேன். நீ போனைத் திறந்து அந்த நகரத்தின் படத்தைக் காட்டினாய். எந்த ஊர் என்று எப்போதோ தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தாய். டர்ஹம். இங்கிலாந்தின் வடக்கே.

"அதில போய் நிக்கோணும் மச்சான். பிறகு அம்மாட்டப் போவன்."

அம்மாவும் தடுக்கவில்லை. தடுப்பார் என்று நம்பியிருந்தேன். யாரோ வருகிறவரிடம் பேணியைக் கொடுத்துவிட்டார், வெறும் பேணியாக அனுப்பக் கூடாதென்று தூள் நிரப்பி. நீ தூளைப் போத்தலில் கொட்டிவிட்டு மூடியை என் முன்னால் வைத்தாய். "எங்க நிண்டா இப்பிடித் தெரியும் எண்டு அள" என்றாய்.

விடைபெறப் போனபோது அன்ரி கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்கே இறங்குகிறீர்கள் என்றார். நியூகாசில் என்றோம். "நியூகாசிலோ? அதுக்கேன் இவ்வளவு பெட்டி? காரில ரெண்டு மணித்தியாலத்தில போயிடலாமே" என்றார். இங்கிலாந்திலும் ஒரு நியூகாசில் இருக்கிறது, சிட்னிக்கு வடக்கே இருப்பது அதன் பெயரைக் கடன் வாங்கியது என்று விளக்கினேன். "லண்டனில எங்கட ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம். ஆருமே இல்லாத ஊருக்கு ஏன் போறியள்?" என்றார். நீ சாப்பிட முடியாத சோற்றைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தாய்.

டர்ஹம் அழகான ஊர். எனக்கு ஊர்களை வர்ணிக்கத் தெரியாது. படத்தில் இருப்பதுபோலவே மேட்டில் பேராலயம் நின்றது. அதைச் சுற்றி ஆறு ஏறக்குறைய ஒரு முழு வட்டம் போட்டது. கரை முழுக்க மரங்கள், கல் பாவிய குறுகலான தெருக்கள், படகு வலிக்கும் மாணவர்கள். நீ ஒவ்வோர் இருபது அடிக்கும் நின்று மூச்சு வாங்கினாய். நான் முன்னால் போய்ப் போய்த் திரும்பி வந்தேன்.

பேராலயத்துக்குள் உட்கார இடம் கிடைத்தது. வழிகாட்டி அம்மாள் ஒருவர் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கடல்கடந்து வந்த கொள்ளையருக்குப் பயந்து ஒரு தீவிலிருந்து துறவிகள் ஓடினார்களாம். இறந்துபோன தங்கள் குருவின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தலைமுறைக் கணக்கில் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் இந்த மேட்டில் வந்து தங்கினார்களாம். அப்படித்தான் இந்த ஆலயமும் ஊரும் வந்தனவாம்.

நீ என் பக்கம் சாய்ந்து கேட்டாய். "அப்ப இவையும் இடம்பெயர்ந்தவையோ?"

"ஆமா."

"சவத்தையும் தூக்கிக்கொண்டு." கொஞ்ச நேரம் மேலே வளைவுகளைப் பார்த்தாய். "எங்களுக்கு அதுக்கு நேரம் கிடைக்கேல்லை."

பிற்பகல் முழுக்க ஆற்றங்கரையில் மூடியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கோபுரங்கள் சரியாக இருந்தன. தடுப்பணை, ஆலை, பாலம் எல்லாம் இருந்தன. சிவப்புக் கதவு வீடு மட்டும் எங்குமே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் செங்குத்தான கரையும் மரமும்தான். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் மூடியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். வீடு இங்கே இல்லை, ஆற்றோடு மேலே போனால் பள்ளத்தாக்கில் இருக்கிறது, அந்தப் புகைபோக்கியைத் தனக்குத் தெரியும் என்றார். வரைந்தவன் அழகுக்காக அதை எடுத்து இங்கே வைத்திருப்பான் என்று சொல்லிவிட்டுத் தூண்டிலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ஆற்றோடு மேலே போனோம். வயல்கள் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கியது. சுண்ணாம்பு இல்லாமல் கல் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் மலைச்சரிவு முழுக்கக் கோடு போட்டிருந்தன. அந்தச் சுவர்களை யார் அளந்து கட்டினார்களோ, அத்தனை நேர். ஆடுகள் நடுச்சாலையில் நின்று எங்களை முறைத்தன. நான் ஹார்ன் அடித்தேன். "ஆறுதலா மச்சான்" என்றாய். இந்தத் தடவை அது கிண்டல் இல்லை. வளைவுகளில் நீ வாந்தி எடுத்தாய். இரண்டு இடத்தில் காரை நிறுத்தி, உன் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

வீடு இருந்தது. கிழவர் சொன்னதுபோலவே, ஒரு கிராமத்தின் ஓரத்தில், ஆறு ஓடையாகச் சிறுத்த இடத்தில். அதே புகைபோக்கி, அதே சரிந்த கூரை. கதவு சாம்பல் நிறம். பக்கத்தில் சாவியை வைக்கும் எண் பூட்டுப் பெட்டி தொங்கியது. விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு. உள்ளே யாரும் இல்லை. மழை பெய்தது. நீ இறங்கவில்லை. கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"வீடும் இடம்பெயர்ந்திட்டுது மச்சான்" என்றாய். சிரித்தாய். சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு கேட்டாய்.

"அப்ப அவள் எங்க போய் நிப்பாள்?"

நான் வாயைத் திறந்தேன்.

"தெரியும். சொல்லாத" என்றாய்.

வைப்பர் போய்ப் போய் வந்தது. பிறகு அலுவலகத்தில் கேட்கிற குரலில் கேட்டாய். "இல்லாத ஒரு இடத்துக்குக் கணக்கு வருமோ?"

வரும் என்றேன். எங்கள் வேலையில் அது தினமும் நடக்கிறது. கோபுரம் ஒன்று சொல்லும், பாலம் வேறொன்று சொல்லும், ஆலை மூன்றாவதாக ஒன்று சொல்லும். சாட்சிகள் முரண்பட்டாலும், எல்லோருக்கும் மனத்தாங்கல் குறைவாக வரும்படி ஒரு புள்ளியைக் கணக்கு கொடுத்துவிடும். மீச்சிறு வர்க்க முறை என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தது. அது ஒருபோதும் கையை விரிக்காது. விடை கொடுக்கும், கூடவே அந்த விடை எவ்வளவு பொய் என்பதையும் கொடுக்கும்.

"அப்ப கணக்கைப் போடு. வீட்டை விடு. தூரத்தில இருந்து வாற பிள்ளை கோபுரத்தைப் பாத்துத்தான் வரும். கதவைப் பாத்து வராது."

அன்று மாலை தங்கிய விடுதியில் கணக்குப் போட்டேன். கோபுரங்கள், கோட்டை, ஆலை, பாலம். ஒரு புள்ளி வந்தது. ஆற்றுக்கு நடுவில்.

"தண்ணிக்குள்ள விழுதுடா" என்றேன்.

"பிழை எவ்வளவு?"

"நாப்பது மீட்டர் வரும். எங்க ஆபீஸ்ல நாப்பது மில்லிமீட்டர் வந்தாலே திட்டுவாங்க. இது குப்பை."

நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாய். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் உன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. "நாப்பது மீட்டர் எண்டா கூப்பிடுதூரம்தானே மச்சான். கரையில நிண்டாப் போதும். கூப்பிட்டாக் கேக்கும்."

கூப்பிடுதூரம். என் ஊரிலும் அதே சொல், அதே அர்த்தம். பிழைக்கு அப்படி ஓர் அலகு இருப்பதாக எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

காலையில் உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். பேராலயத்துக்கு எதிர்க்கரை, பாலத்துக்கு இந்தப் பக்கம், வேர் வெளியே தெரியும் ஒரு பெரிய மரத்தடி. பேணியை நெஞ்சோடு பிடித்திருந்தாய், மூடி வெளியே தெரியும்படி. மணி அடித்தது. மாணவர்கள் படகில் போனார்கள். நாயோடு நடந்த ஒரு பெண் நம் இருவரையும் பார்த்து வணக்கம் சொல்லிப் போனாள். நான் போனை எடுத்துப் பார்த்தேன், வைத்தேன், எடுத்தேன். பார்க்கிங் நேரம் முடியப்போகிறது என்றேன்.

"ஆறுதலா" என்றாய்.

பிறகு கூப்பிட்டாய். ஒரே தடவை. அவளை வீட்டில் கூப்பிடும் பெயர். உனக்குக் கத்த மூச்சு இல்லை. அந்தக் குரல் நாற்பது மீட்டர் போயிருக்காது. தடுப்பணையின் இரைச்சலைக்கூடத் தாண்டியிருக்காது.

யாரும் வரவில்லை. அதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை. காற்று வீசியதாகவோ, இலை ஒன்று உன் தோளில் விழுந்ததாகவோ, நீ அமைதியானதாகவோ எழுதலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. நின்றாய், வேரின் மேல் உன்னை உட்காரவைத்தேன், பிறகு காருக்குக் கூட்டிப் போனேன். திரும்பிப் பார்க்கவும் இல்லை நீ.

சிட்னிக்கு வந்ததும் ஊருக்கு டிக்கெட் எடுத்தாய். விமானம் ஏறும் நிலையில் உடம்பு இல்லை. அம்மாவுக்கு விசா வரும்வரை நீ காத்திருக்கவும் இல்லை. என் அவசரத்தை எல்லாம் கிண்டல் செய்தவன், போகும்போது மட்டும் கெதியாகப் போய்விட்டாய். உன் சாம்பலை உன் மாமா ஊருக்கு, கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோனார். பேணி இங்கேயே தங்கிவிட்டது. மிச்சத் தூளையும் போத்தலிலிருந்து அதற்குள் மாற்றி, நான்தான் குழம்பில் கரைத்துக் கரைத்து முடித்தேன்.

இப்போது அம்மா அதைக் கேட்கிறார். வாரம் ஒரு நாள் தெருவோரப் பந்தலில், காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு உட்காரும் மற்ற அம்மாக்களோடு போய் உட்காருகிறாராம். அவர்கள் கையில் பிள்ளைகளின் படம் இருக்கிறது. இவர் கையில் ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் முன்புதான் போனில் வந்தார். பேணியைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார். பேச்சு அங்கே நிற்கவில்லை. இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டார்.

"தம்பி, பிள்ளை அந்த இடத்தில போய் நிண்டவனோ?"

"நின்னாம்மா."

"கூப்பிட்டவனோ?"

"கூப்பிட்டாம்மா."

"ஆரும் வரேல்லையோ?"

"இல்லம்மா."

"ம்." பின்னால் கோழி கத்துவது கேட்டது. "சிவப்புக் கதவு இருந்ததோ?"

"வீடு இருந்துச்சும்மா. கதவு சாம்பல் கலர்ல இருந்துச்சு."

"அப்ப வேற நிறம் அடிச்சுப் போட்டினம் போல."

"இருக்கும்மா."

அத்தோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. "அந்த வீட்டடியிலதானே நிண்டவன்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. அது உனக்கே தெரியும். "இல்லம்மா. அவன் நின்னது டவுனுக்குள்ள, ஆத்தங்கரையில. வீடு அங்க இல்ல. தூரத்துல ஒரு கிராமத்துல இருக்கு."

"எவ்வளவு தூரம்?"

"கார்ல முக்கால் மணி நேரம்."

கோழிச் சத்தமும் நின்றுவிட்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"அப்ப அவள் வீட்டடியில நிண்டிருந்தா, தம்பி?"

காருக்குள் நீ கேட்ட அதே கேள்வி. உனக்காவது ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. முக்கால் மணி நேரத்தை எந்தப் பிழைக்குள்ளும் அடக்க முடியாது. செத்துப்போன பிள்ளை எங்கேயும் நிற்காது என்று அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? பேணியின் மூடியைத் திறந்து மூடினேன். கடைசியில், என் பாடு விளங்கியதுபோல, குரலை மாற்றிக்கொண்டார்.

"சரி தம்பி. பேணிக்கு அவசரமில்லை. ஆறுதலா அனுப்புங்கோ."

எப்போது முடிகிறதோ அப்போது அனுப்பு என்றுதான் சொன்னார். நீ பழக்கிய காதுக்கு அது விளங்கியது. ஆனால் சேலத்துக் காதுக்கு முதலில் வேறு மாதிரி விழுந்தது. ஆறுதலை அனுப்பு. பேணிக்குள் எதைப் போட்டு அனுப்ப வேண்டும் என்று காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்ததற்கு, அவரே பதில் சொன்னதுபோல.

அது என்னிடம் இல்லை மச்சி. உன்னிடமும் இருக்கவில்லை. கீழே கடையில் பிஸ்கட் இருந்தது. வாங்கிவந்து, உடையாமல் அடுக்கி, மூடியை அழுத்தி மூடினேன்.